கன்னத்தில் விழுந்த நிறம்

— அழுக்கா? என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க.

— நான் சொல்லலம்மா. நேத்து நீ இங்க வேலையா இருக்கையில குழந்தைங்களுக்கு நம்ம கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினோம்ல, அப்ப கடைசி ஷாட்ல பையன் கன்னத்துல அழுக்கு இருக்குன்னு பேச்சு வந்துச்சு. இதோ பாரு, சின்ன வேலைதான். துடைச்சு விட்டுடு.

— முதல்ல கதவைச் சாத்துங்க. வெளி வெளிச்சம் உள்ள வந்தா திரையில நிறம் பொய் சொல்லும். ம்... இப்ப கிட்ட வந்து பாருங்க. இது அழுக்கா?

— பழுப்பா ஏதோ அப்பின மாதிரிதான் இருக்கு.

— நல்லா இருக்கே கதை! பையனும் பொண்ணும் கன்னத்தோட கன்னம் வெச்சு நிக்கிறாங்க. பக்கத்துல விளக்கு எரியுது. வெளிச்சம் அவ கன்னத்துல பட்டுத் திரும்பி அவன் மேல விழுது. அவ கறுப்பு. அவன் மேல விழறது பின்ன என்ன, ரோஸாவா இருக்கும்?

— டைரக்டருக்கே பாடம் எடுக்கறியா? எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா கேக்கறீங்க? படம் பூரா அவன் வெள்ளை அவ மூஞ்சியில பட்டு மினுங்குது. ஒருத்தராவது மாவு ஒட்டியிருக்குன்னு சொன்னாங்களா? அடடா, அவ என்னமா ஜொலிக்கிறான்னாங்க. அவ நிறம் ஒரே ஒரு தடவை அவன் மேல பட்டதும் அழுக்காயிடுச்சா?

— கத்தாதே. பக்கத்து ரூம்ல இசைக்காரங்க உட்கார்ந்திருக்காங்க.

— கேக்கட்டும்.

— சரி, துடைக்க வேண்டாம். அவளை அந்த ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் மாநிறமாக்கிடு.

— கழுத்துக்கு மேல மாநிறம், கீழ கறுப்பா? நல்லா யோசிச்சீங்க போங்க. யாருங்க சொன்னது? படம் வாங்கற கம்பெனிக்காரரா?

— அவருன்னே வெச்சுக்கோயேன்.

— அவரு நேத்து வரவே இல்லையே! வர முடியலன்னு எனக்கே போன் பண்ணினாரே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களா? உங்க அக்காதானே?

— அக்கா இதுல எங்க வந்தா?

— நம்ம கல்யாண போட்டோவைப் பார்த்துட்டு, தம்பி மட்டும்தான் தெரியறான்னு சிரிச்சவங்கதானே. அன்னைக்கும் நீங்க இப்படித்தான் தரையைப் பார்த்துட்டு நின்னீங்க.

— அக்கா வரல. சத்தியமா.

— அப்போ நீங்கதான். உங்களுக்கே பிடிக்கல.

— ஏய், வாய்க்கு வந்ததைப் பேசாதே! இந்தக் கதையை எழுதினவனே நான். வெள்ளைப் பையனும் கறுப்புப் பொண்ணும் சரிப்படாது, ரெண்டு பேரையும் நரியாக்கிடு, முயலாக்கிடுன்னு எத்தனை பேர் சொன்னாங்க? மாட்டேன்னு ஒவ்வொரு கம்பெனி வாசலா செருப்புத் தேய நடந்தேனே, யாருக்காக?

— நம்ம பொண்ணுக்காக. அவளை மாதிரி ஒருத்தி திரையில வரணும், அவளை ஒருத்தன் ஆசையாப் பார்க்கணும்னு சொன்னீங்க. அதைக் கேட்டுத்தான் இருந்த வேலையை விட்டுட்டு இந்தப் படத்துக்கு நிறம் போட வந்தேன். இப்ப அதையே துடைக்கச் சொல்ல நாக்கு கூசலையா?

— கூசுது. இருந்தும் கேக்கறேன். துடைச்சிடும்மா. சாயந்தரம் படத்தை அனுப்பணும்.

— மாட்டேன். வேற ஆளை வெச்சுத் துடைச்சுக்கோங்க, அப்படியே என் பேரையும் எடுத்துடுங்க. ஆனா சொன்னது யாருன்னு தெரியாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்.

— வேண்டாம்மா. தாங்க மாட்டே.

— நான் தாங்காததா? பள்ளிக்கூடத்துல இருந்து இதைக் கேட்டே வளர்ந்தவ. தோல் தடிச்சுப் போச்சு. சொல்லுங்க.

— ஒரு குழந்தை. எழுந்து நின்னு, சீ, அவன் மேல அழுக்கு ஒட்டிக்கிச்சுன்னு கத்துச்சு. எல்லாப் பிள்ளைங்களும் சிரிச்சாங்க.

— குழந்தையா! இதுக்கா இவ்வளவு பயந்தீங்க? அதுக்கு என்ன தெரியும் பாவம்? வளர்ப்பு அப்படி. பெத்தவங்களைக் கூப்பிடுங்க, இதே நாற்காலியில உட்கார வெச்சு நாலு வார்த்தை நான் கேக்கறேன். யாரு வீட்டுப் பிள்ளை அது?

— நம்ம பொண்ணுதான்மா. சொல்லிட்டு, படம் முடியற வரைக்கும் தன் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைச்சுக்கிட்டே இருந்தா.