குளவிக்கூடு பிளக்கவில்லை

அவையின் தலைமையேற்ற ஊர்த்தலைவர் இத்ரீஸ் அவர்களே! மேற்குக் குன்றின் மூத்தோர்களே! பின்வரிசையில் அமர்த்தப்பட்டும் முன்வரிசைக்குக் கேட்கவே முணுமுணுக்கும் தாய்மார்களே! பந்தலும் தேநீரும் தந்த பொறியாளர் பஹ்ஜத் அவர்களே! அனைவர்மீதும் அமைதி நிலவுக.

காசின்றி வரும் தேநீரை நான் ஐயத்தோடுதான் அருந்துவேன்.

பொறியாளர் சொல்கிறார், உங்கள் வீடுகளின் பாரத்தால் பாறை நகர்கிறதாம். அடியில் உள்ள பண்டைய களஞ்சிய அதிகாரியின் கல்லறை பிளக்கிறதாம். ஆகவே வீடுகளை இடிக்க இன்றே ஒப்பமிட வேண்டுமாம்! பொன்னில்லாத கல்லறை, புகை படிந்த கூரை, பயணிகள் எட்டியும் பாராத வாசல். நாலாயிரம் ஆண்டுகளாக வராத பரிவு, குன்றின்மேல் விடுதி கட்ட இவர் திட்டம் போட்டதும் பொங்குவானேன்?

விரிசலின் குறுக்கே ஜிப்சம் சாந்து பூசி வைப்பது, பழங்கல்லறைகளைப் பேணும் எங்கள் தொழில் வழக்கம். பாறை அசைந்தால் பூச்சு பிளக்கும். நான் பூசியதை நேற்றுப் பார்த்தேன். பிளந்திருந்தது! உடன் வந்த நஃபீசா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வீடு கல்லறைக்கு நேர் மேலே.

"போச்சு டாக்டரம்மா! நீங்க பூசுன சாந்தே என்னை நடுத்தெருவுல நிறுத்திடுச்சு!"

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. டார்ச்சை மேலே பிடிடீ. அது என்ன?"

"குளவிக்கூடு. ஏன், அதையும் இடிக்கணுமா?"

அதே விரிசல், அன்பர்களே! என் பூச்சுக்கு ஒரு சாண் மேலே, விரிசலின் இருகரையும் பற்றிக் கட்டிய மண்கூடு. விரல் பட்டால் உதிரும். அதில் மயிரிழைப் பிளவும் இல்லை! புதிய கூடோ? இல்லை, பூசிய அன்று நான் எடுத்த படத்திலேயே இருக்கிறது. ஜிப்சத்தைப் பிளந்த பாறை குளவிக்கு மட்டும் சலுகை காட்டியதா? கல்லறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். அளவெடுக்க மற்றொன்றை வாங்கியவர் யார்?

பின்வரிசையில் யாரோ "சுத்தியல்!" என்கிறார். நான் சொல்லவில்லை தாயே, நீங்கள் சொன்னீர்கள்.

பொறியாளர் சிரிக்கிறார். "பூச்சியெல்லாம் சாட்சி சொல்லுமாம்மா?" என்கிறார். சொல்லும் ஐயா! அதற்கு உங்கள் விடுதியில் பங்கில்லையே!

என்னையும் நம்பாதீர்கள்! எழுங்கள், விளக்கெடுங்கள், இறங்கிக் கண்ணால் காணுங்கள். பிறகு ஒப்பமிடுவதைப் பற்றிப் பேசுங்கள்! நான் இங்கே முழங்கும் வேளையில் அங்கே யாரேனும் கூட்டைத் தட்டிவிடலாம் அல்லவா? அதற்காகவே வாசலில் நஃபீசாவை உட்கார்த்தியிருக்கிறேன், ரொட்டி சுடும் துடுப்போடு.

செவிசாய்த்த அவைக்கு நன்றி. தேநீருக்கும் நன்றி, இரண்டாம் கோப்பை வேண்டாம். உங்கள் இல்லங்களில் அமைதி நிலவுக. இல்லங்களும் நிலைத்திருக்க!