மூணாம் படி வரைக்கும் தண்ணி

— மூணாம் படியும் முங்கிருச்சுண்ணா.

— அம்மா?

— தூங்குறாங்க. மாத்திரை போட்டிருக்காங்க. எழுப்பவா?

— வேணாம், தூங்கட்டும். இன்னும் ரெண்டு படி இருக்குல்ல. நீ ஏன் முழிச்சிருக்கே?

— தூக்கம் வரல. கரண்ட் வேற இல்ல. எதிர்வீட்டு டெய்லர் துணி மூட்டையெல்லாம் மேசை மேல ஏத்திக்கிட்டு இருந்தாரு. உன்னைத்தான் திட்டுறாரு.

— என்னவாம்?

— "முந்தாநாள் பூரா கால்வாய்ல தூர் எடுக்கிறேன்னு ரோட்டை நாறடிச்சான், ஒரு சொட்டு இறங்குதா பாரு"ன்னு... நீ ஒழுங்காத்தானே எடுத்தே?

— மூணு டிராக்டர் சகதி அள்ளினோம். உள்ள டார்ச் அடிச்சா அந்தக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது. ஆனா மேஸ்திரி அதையா பாப்பாரு? தண்ணி நிக்குதா, இல்லையா... அவ்வளவுதான். நம்ம தெருக் கால்வாய் சுத்தம்னு கையெழுத்துப் போட்டது நான்.

— போட்டா...?

— போட்டா என்ன. அடுத்த வாரம் நிரந்தரம் ஆக்குறவங்க லிஸ்ட் வருது. அதுல என் பேரு இருக்காது. மறுபடியும் தினக்கூலிதான்.

— அண்ணா... நீ பம்ப் ஹவுஸ்லதானே இருக்கே?

— ரெண்டு நாளா இங்கதானே கிடக்குறேன். வேற எங்க?

— போன்ல சளக் சளக்குன்னு கேக்குது.

— மோட்டாரு பழசு.

— மோட்டாருக்கு மூச்சு வாங்குமா?

— அதுக்கு வாங்காது, எனக்கு வாங்குது. குளிரு வேற. மஞ்சக் கோட்டு வீட்டுக் கொடியிலயே காயுது. சரி, விஷயத்தைச் சொல்லு.

— என்ன விஷயம்?

— நல்ல விஷயத்துக்கு என்னைக்கு நீ "அண்ணா"ன்னு கூப்பிட்டிருக்கே? "டேய்"தானே. இன்னைக்கு வரிக்கு வரி அண்ணா. அழுவுறியா?

— இல்ல... மூக்கு அடைச்சிருக்கு.

— மூக்குமா!

— சிரிக்காதே. திட்ட மாட்டேன்னு சொல்லு.

— திட்டுவேன். சொல்லு.

— நேத்து கிளாஸ் பொண்ணுங்க வந்தாங்கல்ல...

— ஆமா. நான் வீட்டுப் பக்கமே தலை காட்டக் கூடாதுன்னு சொன்னியே.

— நம்ம சுவரு முடியுற மூலையில, மழைத்தண்ணி இறங்குற கம்பிச் சட்டம் இருக்குல்ல. நீங்க கிளறிவிட்டதுல ஒரே நாத்தம். கரப்பான் வேற வரிசையா மேல ஏறி வருது. அவங்க அதைத் தாண்டித்தான் வரணும். அதான்... மூடிட்டேன்.

— எதால?

— பேனரால.

— எந்தப் பேனர்?

— தெரியாத மாதிரி கேளு. நீ முதல் சம்பளத்துல அடிச்சுத் தெருவுல மாட்டி, என் மானத்தை வாங்கினியே...

— என் தங்கச்சி ஆறடிக்குச் சிரிக்குமே, அதா?

— அதேதான்.

— "சுற்றுப்புறத் தூய்மைப் பேச்சுப் போட்டி, முதல் பரிசு"!

— டேய், போதும்டா!

— ஆங், இப்பதான் நீ. மேல கல்லு வெச்சியா?

— இல்ல, கட்டுக்கம்பி. நாலு மூலையிலயும் கட்டி, மண்ணு கொட்டி, ரெண்டு பூந்தொட்டி வெச்சேன். அவங்க போனதும் எடுக்கணும்னுதான் இருந்தேன்... மறந்தே போச்சு. மழை பிடிச்சதும்தான் ஞாபகம் வந்துச்சு. நான் போய் எடுத்துரட்டுமா?

— படியை விட்டு இறங்கினே, காலை உடைப்பேன். கம்பி முறுக்கு எந்தப் பக்கம் இருக்கு?

— எதுக்கு?

— சும்மா சொல்லேன்.

— ரெண்டு ரோட்டுப் பக்கம். சுவரு பக்கம் ரெண்டையும் சட்டத்துக்கு அடியில விட்டு முறுக்கினேன், யாரு கண்ணுக்கும் தெரியக் கூடாதுன்னு.

— கெட்டிக்காரிதான் போ... ம்ம்... இரு... வேற ஏதாவது பாக்கி இருக்கா?

— இருக்கு. அவங்ககிட்ட... நீ ஆபீஸ்ல வேலை பாக்குறேன்னு சொல்லிட்டேன். உன் கோட்டு கொடியில இல்ல. அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன். திட்டணும்னா திட்டுடா.

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— காலையில மேஸ்திரிகிட்ட நானே வந்து சொல்றேன். அண்ணன் ஒழுங்காத்தான் எடுத்தான், அடைச்சது நான்னு. கிளாஸ்லயும் சொல்லிடுறேன், சிரிச்சா சிரிக்கட்டும். உன் பேரு மட்டும் லிஸ்ட்ல... இரு இரு. என்னது அது, கடகடன்னு? டேய்... மூணாம் படி தெரியுது! தண்ணி இறங்குதுடா! ரெண்டாம் படியும்...! எப்படிடா?

— எப்படியா... சுவத்து மூலைக்கு டார்ச் அடி, சொல்றேன். மூஞ்சியில அடிக்காதே! இவ்வளவு நேரமா பம்ப் ஹவுஸ்ல இல்ல, நம்ம வாசல்லதான்டி தண்ணிக்குள்ள கையை விட்டுத் தடவிக்கிட்டு இருக்கேன். கூட வந்த மேஸ்திரி உன் பேனரை விரிச்சுப் பிடிச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. கால்வாய் சுத்தமாத்தான் இருக்குன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. பேச்சுப் போட்டியெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல அந்தக் கோட்டை எடுத்துக்கிட்டு வா. பல்லு கிட்டிப் போச்சு எனக்கு.