மாண்புமிகு வரதராசா

– ...அப்ப கறுப்பு அங்கி தரேல்லையோ?

– இல்லை.

– தொப்பி?

– தொப்பியெல்லாம் இங்கிலாந்திலை. இஞ்சை கோர்ட்டிலை பெரிய நீதிபதிக்கு மட்டும்தான் அங்கி. பக்கத்திலை இருக்கிற எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்த உடுப்பு.

– சொந்த உடுப்போ! இதுக்கோ நான் ஞாயிறு முழுக்க உங்கடை சூட்டை அயன் பண்ணினனான்?

– பகிடி விடாதையும் கனகம். சட்டம் படிச்சவர் ஒருத்தர், சனத்திலை இருந்து கொம்யூன், அதுதான் நகரசபை, எடுத்தவை ரெண்டு பேர். மூண்டு பேருக்கும் ஒரே வாக்கு. நானும் மற்ற மனுசியும் சேர்ந்தால் பெரியவரையே விழுத்தலாம்!

– மற்ற மனுசி ஆர்?

– பெரித் எண்டு ஒரு வெள்ளைக்காரி. பென்சன் எடுத்தவ. இடைவேளையிலை கம்பளி நூலிலை கால்மேசு பின்னிக்கொண்டிருக்கிறா.

– என்ன வழக்கு?

– சொல்லக்கூடாது. ரகசியம் காப்பன் எண்டு கையெழுத்து வைச்சனான்.

– அப்ப சொல்லாதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ.

– ...மனுசிக்கு அடிச்ச வழக்கு.

– நல்லாத்தான் காக்கிறியள்.

– உமக்கு மட்டும்தானே!

– எங்கடை ஆளோ?

– ம்...

– உங்களுக்குப் பொன்னாடை போத்தின ஆளோ?

– ...உமக்கு ஆர் சொன்னது?

– றஜீவுக்கு வழக்கு எண்டு அடுத்த ரவுண் திராமனிலை இருக்கிற சனத்துக்கே தெரியும். ‘நீதியரசர் வரதராசா’ எண்டு தமிழ்ச் சங்கத்திலை பதாகை கட்டி, செயலாளர் எண்டு அவர்தானே முன்னுக்கு வந்து போத்தினவர்.

– நீதியரசர் எண்டு இல்லை. ‘மாண்புமிகு’ எண்டுதான் போட்டவை.

– ஓ... மாண்புமிகு! சரி, காலமை பெரிய நீதிபதி கேட்டிருப்பாரே, ஆளை ஆருக்கும் தெரியுமோ எண்டு?

– கேட்டவர்.

– தெரியும் எண்டு சொன்னனீங்கள்தானே?

– சாப்பிடப் பாண் இருக்கோ?

– இஞ்சாருங்கோப்பா...

– எல்லாரும் பேசாமல் இருந்தவை. நானும்... பேசாமல் இருந்தன்.

– றஜீவ்?

– அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தான்.

– ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன?

– ஒம்பதேகாலுக்கு வீட்டை அனுப்பிப்போட்டு வேறை ஆளைப் போட்டிருப்பாங்கள்! பொன்னாடை போத்தி ஒரு மாதம் ஆகேல்லை. முதல் நாளே திரும்பி வந்தால் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

– றஜீவின்ரை மனுசி துசாந்தினி வந்தவளோ?

– பத்தரைக்குச் சாட்சி சொல்ல வந்தவள். கதிரையிலை இருந்திட்டு நிமிந்து என்னைப் பாத்தாள்... அவ்வளவுதான், வாய் அடைச்சுப்போச்சு. மொழிபெயர்க்கிற பெடிச்சி ரெண்டு தரம் கேட்டும் மறுமொழி இல்லை.

– ஏன் அடைச்சது?

– எனக்கென்ன தெரியும்?

– கை முறிஞ்ச படம் காட்டினவையோ?

– ...ஓம். ரெண்டு இடத்திலை முறிவு.

– பாத்தனீங்கள்.

– பாத்தனான்தான். குடும்பம் எண்டால் ஆயிரம் இருக்கும் கனகம். எங்கடை பொம்பிளையள் கோவத்திலை ஒண்டைப் பத்தாச் சொல்லுவினம் எண்டு பெரித்துக்கும் விளங்கப்படுத்தினனான்.

– அவ நம்பினவவோ?

– நம்பாமல்? அவவுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழன் நான்தானே! பின்னுறதை நிப்பாட்டிப்போட்டுத் தலையாட்டினவ. நாளைக்கு முடிவு. ரெண்டுக்கு ஒண்டு.

– பைப்புத் தண்ணிச் சத்தத்திலை கேக்கேல்லை. பலமாச் சொல்லுங்கோ.

– றஜீவை விடப்போறம் எண்டு சொல்லுறன்! பழகின பெடியன். மறியலுக்கு அனுப்பிப்போட்டுச் சங்கப் படியிலை எப்பிடிக் கால் வைக்கிறது?

– அவள்?

– அவளுக்கென்ன... கொஞ்ச நாளிலை சமாதானமாகி அவனிட்டைப் போயிடுவள்.

– முந்தியும் சமாதானமாகிப் போனவள்தான். போய் மூண்டாம் நாள்தான் கை முறிஞ்சது.

– ...நீர் ஏன் அவளுக்காகக் கதைக்கிறீர்?

– துசாந்தினி, அறையை விட்டு வா பிள்ளை. எங்கடை மனுசன் அப்பிடிச் செய்யாது, றஜீவைத் தெரியும் எண்டு பெரிய நீதிபதியிட்டைக் கட்டாயம் சொல்லியிருக்கும் எண்டு பின்னேரம் முழுக்க நான்தான் உன்னோடை வாதாடினனான்... இப்ப உன்ரை காதாலையே கேட்டிட்டாய். லோயருக்குப் போன் எடு. நானும் கதைக்கிறன்.