இடைவேளைக்குப் பிந்தைய காட்சி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். ஒப்பனை அறையில் இதைவிடக் கேவலமான டீயைக் குடித்துப் பழகிய உடம்பு இது.

தலைவரை ஏன் சுட்டாய் என்கிறீர்கள். நாட்டுக்காகத்தான். விலைவாசி தலைக்கு மேல் போய்விட்டது, வாயைத் திறந்தவனெல்லாம் உள்ளே கிடக்கிறான். இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கென்று தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது.

எங்கள் நாடகத்தில் நான் கொடுங்கோல் மன்னனைச் சுடும் சிப்பாய். இடைவேளை முடிந்ததும் முதல் காட்சி என்னுடையது. சுடலாமா வேண்டாமா என்று ஒரு பக்கத்துக்கு வசனம் பேசித் தவித்து, பிறகு சுட வேண்டும். தலைவர் வருகிற நாளில்தான் பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். ஆனால் அவரை இடைவேளையில் மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்வது எங்கள் வழக்கம். அவருடைய இரண்டு வார்த்தை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். நேரம் போய்விட்டதென்று என் காட்சியை வெட்டுவார்கள். திரைக்குப் பின்னால் ஒரு பட்டாசு வெடிக்கும். யாராவது ஓடிவந்து, "மன்னரைச் சுட்டுட்டாங்க" என்பார்கள். தீர்ந்தது என் நடிப்பு. நான் பக்கத்தில் முழு வேஷத்தோடு மரம் மாதிரி நிற்பேன். ஒவ்வொரு தடவையும் இதே கதை. இதை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன், எழுத வேண்டாம்.

துப்பாக்கி எப்படி உள்ளே வந்தது என்றுதானே அடுத்த கேள்வி. வாசலில் சோதனை போட்ட உங்கள் ஆள்தான் உள்ளே விட்டார். மரத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அலுத்துப்போயிருந்தார், பாவம். என்னுடையதைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா இது இவ்வளவு கனமா இருக்கு" என்றார். கனமாக இருந்தால்தான் கை இயல்பாக நடுங்கும் என்றேன். கலைஞர்களின் சிரத்தையைப் பாராட்டி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தலைவர் பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நான் மேடையேறி எதிரில் நின்றேன். என் வசனத்தைப் பேசினேன். ஒரு வரி விடவில்லை, ஐயா. தனக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருப்பார் போல, சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார்கள். பிறகு சுட்டேன். முதல் குண்டிலேயே ஆள் சரிந்துவிட்டார். ஆனால் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டாமா, அதற்காகத்தான் இரண்டாவது.

பின்சந்தில் என் மைத்துனன் வண்டியோடு காத்திருந்தான். மேடைச் சாமான் ஏற்றத்தான் வரச்சொன்னேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன், ஒன்றும் தெரியாத அப்பாவி. அவனையும் பிடித்துவிட்டீர்களாம். ஓடியிருந்தால் இருவருமே தப்பியிருப்போம். நானும் பின்கதவுவரை போய்விட்டேன். அப்போதுதான் அரங்கே அதிரக் கைதட்டல் கேட்டது. வாழ்நாளில் முதல் கைதட்டல், ஐயா. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா. திரும்பி வந்து, தலைவரைத் தாண்டி மேடை விளிம்புக்குப் போய்க் குனிந்து வணங்கினேன். நிமிர்வதற்குள் அமுக்கிவிட்டீர்கள்.

இப்போது ஏதோ சாட்சிகளின் வாக்குமூலம் என்று படித்துக் காட்டுகிறீர்கள். "தலைவர் என்னமா விழுந்தாரு, நிஜமாவே செத்த மாதிரி. அதுக்குத்தான் கைதட்டினோம். சிப்பாயா வந்தது யாருன்னு கவனிக்கலை." ஒருவர் இல்லை, எல்லோரும் இதையே சொல்கிறார்கள் என்கிறீர்கள்.

பேனாவைக் கொடுங்கள், ஐயா. திட்டமிட்ட கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மைத்துனனுக்கும் எல்லாம் தெரியும் என்று எழுதினாலும் சரி, அதற்கும் போடுகிறேன். கைதட்டல் எனக்குத்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும்.