பெட்டிக்குள் இருந்த முகம்

குழந்தைகளை வரைவதில் கஷ்டமான இடம் முழங்கால். எல்லோரும் கண் என்று நினைக்கிறார்கள். கண்ணை இரண்டு கோட்டில் சமாளித்துவிடலாம். முழங்கால் கொஞ்சம் பிசகினால் குழந்தை குட்டிக் கிழவனாகிவிடும். இருபது வருடமாகச் சிறுவர் கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். அரக்கன், பறக்கும் குதிரை, பேசும் மரம் எதுவானாலும் பார்க்காமலே வந்துவிடும். குழந்தையை மட்டும் பார்த்துத்தான் வரைய வேண்டும். நீங்கள் விசாரிப்பதால் சொல்கிறேன் ஐயா.

என் அக்கா மகளுக்கு ஆறு வயது. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும், அக்கா வேலை முடிந்து வரும்வரை என் வீட்டில் இருப்பாள். கடைசியாக நான் படம் போட்ட கதையில் அரக்கன் ஒரு சிறுமியைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கிறான். வாயாடியை உட்காரவைத்து வரைந்தேன். பதிப்பகத்து அம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொண்ணு பயந்த மாதிரியே இல்லையே. பல்லு வலிக்கிற மாதிரில்ல இருக்கு."

அவர் சொன்னது சரிதான். அரக்கன் கதையை எப்படி மிரட்டிச் சொன்னாலும், "பாவம் மாமா, அவனுக்குப் பசிக்குது போல. ஏதாச்சும் குடுங்க" என்பாள் வாயாடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மாடிப்படிக்குக் கீழே பழைய காகிதம் போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. கதவின் மேல்பாதி கம்பி வலை. முதல் நாள் வாயாடியை அதற்குள் ஐந்து நிமிடம்தான் பூட்டினேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மறுநாள் பத்து நிமிடம். கூப்பிட்டாள், நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் அந்த முகம் கிடைத்தது. வலைக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று அக்கா புகாரில் எழுதிக்கொடுத்திருப்பது உண்மையில்லை. நான் எதிரிலேயேதான் இருந்தேன்.

பயமும் பழகிப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழாவது படத்தின்போது, "அம்மா இனிமே வரமாட்டா. உன்னை எனக்கே குடுத்துட்டா" என்றேன். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். சாயங்காலம் அக்கா வந்தபோது வாயாடி அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கே பாவமாக இருந்தது. வீட்டில் சொன்னால் அடுத்த முறை கதவைத் திறக்கவே மாட்டேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

கடைசிப் பக்கம் வேறு மாதிரி. பெட்டி திறந்ததும் சிறுமி சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவருகிறாள். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறாளோ, வெளியே வரும்போது அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பள்ளி விடுமுறை நாளில், அக்கா அவளை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனதும், காலையிலேயே பூட்டினேன். மத்தியானம்வரை தட்டினாள். பிறகு தட்டவில்லை. தூங்கிவிட்டாள் என்று முன்பு உங்களிடம் சொன்னேன், அது பொய். கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். சாயங்காலம் பென்சிலைச் சீவிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவள் ஓடிவரவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. அக்கா பார்க்காத டாக்டர் இல்லை.

புத்தகம் வந்த அன்று அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இது நீ பார்த்து வரைஞ்சதா?"

"பார்க்காம எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியுமேக்கா."

அவளே போய் அந்தக் கதவைத் திறந்தாள். உள்பக்கம் முழுக்க நகக் கீறல். அதன் பிறகுதான் உங்களிடம் வந்தாள்.

கடைசிப் பக்கத்தை மனதில் இருந்துதான் வரைந்தேன். சிரிப்பு ஒட்டவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் ஐயா, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் தவறு ஒன்றே ஒன்றுதான். சிரிக்கிற பக்கத்தை நான் முதலில் வரைந்திருக்க வேண்டும்.