தலைக்கே அடி

ஃபோனில் சீட்டாடுகிறவனுக்கு எங்கேயும் நல்ல பெயர் கிடையாது, மேடம். வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள். எனக்கு வேலையும் உண்டு, வெட்டியும் உண்டு. காலையில் பல் தேய்த்து, டீ போட்டு, கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆடுவேன். அவ்வளவுதான் என் கெட்ட பழக்கம்.

என் அத்தானுக்கு, அக்காவின் வீட்டுக்காரருக்கு, கைப்பயிற்சி கொடுக்கிறவர் நீங்கள். நன்றாக ஒத்துழைத்துக்கொண்டிருந்த மனிதர் ஏன் திடீரென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டீர்கள். என்னையும் கேட்டீர்கள். "மனசு சரியில்ல போல மேடம்" என்றேன். அது பொய் இல்லை. மீதியையும் சொல்லிவிடலாம் என்றுதான் இன்று உங்கள் கிளினிக்குக்குத் தனியாக வந்தேன். சொல்லி முடித்ததும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

முதலில் ஆட்டம் புரிய வேண்டும். இது பணம் வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரனோ மிருகமோ மந்திரமோ இருக்கும். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து நாமே ஒரு கட்டு தயார் செய்துகொள்ள வேண்டும். எதிராளி அவர் கட்டோடு வருவார். ஆளுக்கு முப்பது உயிர். மாற்றி மாற்றி ஆடுவது. முறைக்கு முறை பலம் ஏறும். ஆரம்பத்தில் சின்னச் சீட்டுதான் இறக்க முடியும், பெரிய சீட்டுக்குப் பொறுமை வேண்டும். யாருடைய உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார்.

அத்தானுடையது மெதுவான கட்டு. அடி வாங்குவார், மருந்துச் சீட்டைப் போட்டுத் தேற்றிக்கொள்வார், நம் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்ததும் வெள்ளம் என்று ஒரு சீட்டை விட்டு எல்லாரையும் அடித்துக்கொண்டு போவார், கடைசியில் ஒரு பூதத்தை இறக்கி நசுக்குவார். ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயரே ‘ஆமை’.

என்னுடையது வேகக் கட்டு. சின்னச் சின்ன ஓநாய்கள், நாலைந்து தீக்கணை. இந்தக் கட்டை மூளை இல்லாதவன் ஆட்டம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் பேசுகிறார்கள். எதிராளி ஒரு ஆளை இறக்கினால் அவனோடு மல்லுக்கட்டத்தான் நமக்குக் கை பரபரக்கும். மல்லுக்கட்டினால் போச்சு. அவனை விட்டுவிட்டுத் தலைக்கே, அதாவது எதிராளியின் உயிருக்கே, அடிக்க வேண்டும். அடுத்த முறைக்கும் அதற்கு அடுத்த முறைக்கும் எவ்வளவு உயிர் மிஞ்சும் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் இரண்டு ஓநாயைக் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தீக்கணையை ஆத்திரத்தில் வீசாமல், அது முடித்துவைக்கும் நாள் வரும்வரை காக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது. வேகமாக அடிக்கிறவனுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு, ஆனால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நம்பாதபடிக்குச் செய்தவர் அத்தான்தான். ஃபோன் ரிப்பேர் கடை அவருடையது. எனக்கு அங்கே வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். இந்தச் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவர். அதை மறைக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு பட்டப்பெயரும் கொடுத்திருந்தார், அவசரக்குடுக்கை என்று. ஒரு திருகாணி கீழே விழுந்தால் போதும், "எங்க வீட்டு அவசரக்குடுக்கை பாருங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. எதிர்க் கட்டடத்தில் கண் பரிசோதிக்கிற வேலை. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பா, பள்ளிக்கூட வாத்தியார், என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே உடையாத ஒரு ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அத்தானுக்கு அவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும். நான்தான் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

வாத்தியார் ஃபோனை என்னிடம் நீட்டினார். அத்தான் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "இவன் கைல குடுக்காதீங்க சார், எதைக் குடுத்தாலும் அவசரத்துல உடைச்சிடுவான். பொண்ணு குடுக்கறவங்க யோசிச்சுத்தான் குடுக்கணும்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவள் என்னிடம், "அப்பா வேண்டாங்கிறார், நீ நிதானமில்லாத ஆளாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தானிடம் கேட்டேன். "சும்மா ஒரு ஜோக்குடா மாப்ளே. இதுக்கே கோச்சுக்கிறவன் அவளுக்கு எதுக்கு?" என்றார். மறுநாள் கடையில் பட்டப்பெயர் வழக்கம்போல ஓடியது. எனக்கு அவர் மேல் அப்போது வந்த ஆத்திரம் இன்னும் குறையவில்லை, மேடம். அதை ஒளிக்க எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் வீசவில்லை. கையில் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். என் அவசரம் அன்றைக்கு எல்லோருக்கும் உபயோகமாக இருந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. கடை என் கைக்கு வந்தது. நீங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள்.

அவருக்கு டேப்லெட்டில் சீட்டாட்டம் போட்டுக்கொடுக்கச் சொன்னது நீங்கள். இடது கையால் தொடக் கூடாது, வலது கை விரலால்தான் சீட்டை இழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டதும் நீங்கள். முதலில் ஒரு சீட்டைக்கூட நகர்த்த முடியவில்லை. மெல்ல மெல்ல விரல் கேட்க ஆரம்பித்தது. ஒருநாள் படியிறங்கும்போது என்னிடம் சொன்னீர்கள். நினைவிருக்கிறதா?

"ஒரு ஆட்டம் ஜெயிச்சா போதுங்க, அன்னைக்கு நான் சொல்ற எல்லாப் பயிற்சியும் பண்றார். அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுடாம பாத்துக்குங்க. கை திரும்பறதுன்னா இந்த மாசங்கள்லதான் திரும்பும். இப்ப விட்டா அப்படியே மடங்கி நின்னுடும்."

நான் தலையாட்டினேன். எதிராளியின் உயிர் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது என்று அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றே புதிதாக ஒரு கணக்கு திறந்தேன். பெயர், ‘பென்ஷன் தாத்தா’. முதல் சில நாட்கள் நண்பராகச் சேர்ந்து, வேண்டுமென்றே தோற்றேன். ஆட்டத்துக்குள் நீளமாகப் பேச முடியாது. வணக்கம், நல்ல ஆட்டம், நன்றி என்று தயாராக இருக்கிற வார்த்தைகளைத்தான் தட்டலாம். ஒவ்வொரு முறையும் ‘நல்ல ஆட்டம்’ தட்டினேன். அத்தானுக்குத் தாத்தாவைப் பிடித்துப்போயிற்று. காலையில் அக்கா தலையணையை அடுக்கி உட்கார வைத்ததும் முதல் கேள்வியே, "தாத்தா... வந்துட்டாரா?" அந்தக் குழறலிலும் அது, அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கிற எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"பாவம், யாரோ பெரியவர். நம்மள மாதிரி வீட்டோட கிடக்கிறார் போல" என்பாள் அக்கா. தாத்தா சுவருக்கு இந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் அடிக்க ஆரம்பித்தேன்.

முறைக்கு ஒரு நேரம் உண்டு, மேடம். திரையின் ஓரத்தில் ஒரு திரி எரிந்துகொண்டே வரும். எரிந்து முடிந்தால் முறை போய்விடும். மற்றவர்களுக்கு அது தாராளம். நடுங்குகிற விரலுக்கு அது போதாது. அதனால் கட்டை மாற்றினேன். முடித்துவைக்க ஒரு தீக்கணையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே அடியாக அடிக்கிற மற்றச் சீட்டுகளை எடுத்துவிட்டு, குட்டி குட்டியாக இறங்குகிற ஓநாய்களை நிரப்பினேன். ஒவ்வொன்றையும் தடுக்க அவர் தனித்தனியாக ஒரு சீட்டை இழுத்துப் போட வேண்டும். இரண்டாவதை இழுப்பதற்குள் திரி பாதி எரிந்திருக்கும். மூன்றாவதில் விரல் நழுவும். ஓநாய்க்கு வைத்த அடி அவருடைய சொந்த ஆள் மேலேயே விழும். சீட்டாடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தோற்றாலும் கணக்கில் தோற்க வேண்டும். கை நழுவித் தோற்றால் ஊர் சிரிக்கும்.

அவர் பூதத்துக்கு ஒரே ஒரு முறை பாக்கி இருக்கும்போது முடித்துவைப்பதுதான் என் வழக்கம். முன்னாலேயே முடிக்க முடிந்தாலும் காத்திருப்பேன். பூதம் அவர் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது, அடுத்த முறை இறக்கிவிடலாம் என்று அவர் மூச்சு மாறுவது சுவர் வழியாகத் தெரியும். அப்போது தீக்கணை. பிறகு ‘நல்ல ஆட்டம்’.

எப்போதாவது ஒரு ஆட்டம் விட்டுக்கொடுப்பேன். இல்லையென்றால் தாத்தாவை விட்டுவிடுவார். ஜெயித்த அன்று நீங்கள் வந்தால் உற்சாகமாகக் கையை நீட்டுவார். அந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்ததை நீங்களும் கவனித்தீர்கள்.

அக்கா ஒருநாள் என்னிடம் அழுதாள். "தம்பி, அந்தத் தாத்தாகூட ஆடாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறார்டா. வேற யார்கூடயாச்சும் ஆடச் சொல்லேன். நீ சொன்னா கேப்பார்."

நான் உள்ளே போய்ச் சொன்னேன். "அத்தான், வேற ஆள் பாத்து ஆடுங்களேன்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒருநாள் காலை தாத்தாவின் அழைப்பு போனது, பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நீங்கள் வந்து ரப்பர் பந்தைக் கையில் வைத்தீர்கள். அவர் அதை உருட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். நீங்கள் கெஞ்சினீர்கள், அக்கா கெஞ்சினாள். நானும் நின்று கெஞ்சினேன். மாதங்கள் ஓடின. இப்போது விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றுவிட்டன. நகம் வெட்டக்கூட இரண்டு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை திரும்பி வந்துகொண்டிருந்தது, மேடம். வழியில் மறித்து நிறுத்தியது நான். விதியை மீறி ஒரு சீட்டுக்கூட ஆடவில்லை. எந்தப் போலீஸும் இதற்கு என்னைப் பிடிக்க முடியாது. இதைச் சொல்வதில் எனக்குப் பயமும் இல்லை, முந்தாநாள் வரைக்கும் வருத்தமும் இல்லை.

முந்தாநாள் அக்கா கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தத் தாத்தா ஜெயிக்க ஆரம்பிச்சப்பவே அது நீதான்னு அவருக்குத் தெரியும்டா. ‘ரெண்டு ஓநாயைக் கைல புடிச்சு வச்சுக்கிட்டுத் தலைக்கே அடிக்கிறான் பாரு, நான் சொல்லிக்குடுத்த ஆட்டம், இது உன் தம்பிதான்’னு சொன்னார். எனக்கு நம்பிக்கை வரல. நீ அப்படிச் செய்ய மாட்டேன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். காலைல உன் ஃபோன்ல அந்தத் தாத்தா பேரைப் பாத்தப்புறம்தான் நம்பினேன்."

"தெரிஞ்சா எதுக்கு ஆடினார்?" என்றேன்.

"அந்த வாத்தியார் பொண்ணு விஷயம். படுத்ததுலேருந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார், நான் பேசினது தப்பு, பையன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு. வாய் குழறுது, உன்கிட்ட வந்து சொல்லத் தெரியல. ‘அவன் ஜெயிக்கட்டும்டி, ஜெயிச்சா அவன் மனசு ஆறும்’னார். ஆறவே இல்லையேடா. எத்தனை ஜெயிச்சும் நீ விடல, இவ்வளவு வெறுப்பு இருக்குன்னு புரிஞ்ச அன்னைக்குத்தான் பந்தை உருட்டி விட்டார்."

அவள் எழுந்து போய்விட்டாள். இப்போது அக்கா எனக்குச் சாப்பாடு போடுவதில்லை, வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன். அது பரவாயில்லை.

ஆனால் நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, மேடம். ஒவ்வொரு ஆட்டமாக மனதுக்குள் திரும்ப ஆடிப் பார்க்கிறேன். அவர் சீட்டை இழுப்பது என் திரையிலும் தெரியும்; கடைசி நொடியில் அது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சரியும். எப்போதும் என் ஓநாய் தப்பித்து, அவர் ஆள் மேலேயே அடி விழும். அது நோய் என்று நம்பித்தான் கட்டு கட்டினேன். அந்தக் கையைப் பயிற்சியில் பிடித்துப் பார்த்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அழுகிறீர்கள்; அழுதுவிட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை. கை இனி வராது என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்க நான் வரவில்லை. அந்த விரல் தானாகச் சரிந்ததா, அவர் சரியவிட்டாரா? ஒரு ஆட்டமாவது நான் நிஜமாக ஜெயித்தேனா?