மூட்டு மேல் ஒட்டிய லேபல்

நஜீம்: …அஞ்சு கேம் கெசட்டு என் கடை மேசையிலயே கெடக்கு, தங்கச்சி. எதையாச்சும் எடுத்து டிவி கேம்ல சொருகி வெளாட வேண்டியதுதானே? ஆறாவதுதான் வேணும்னா எப்படி?

றோசலின்: அதுதான் நல்லா இருக்குமாம், நானா. எம் மகன் ஒத்தக் கால்ல நிக்கிறான்.

நஜீம்: என்ன கேமாம்?

றோசலின்: அது… ஓடுற கேம்.

நஜீம்: காரு ஓடுறதா, கொரங்கு ஓடுறதா?

றோசலின்: ரெண்டும்தான்… ஒண்ணு பின்னால ஒண்ணு.

நஜீம்: அப்படி ஒரு கேம் ஹட்டன்லயே கெடையாது. பேரு தெரியாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

றோசலின்: லேபலப் பாத்துத்தான். இந்த அஞ்சுலயும் லேபல் குழிக்குள்ள நேரா உக்காந்திருக்கு. அதுல மட்டும் ஒரு ஓரம் மடிஞ்சு, ரெண்டு மூடியும் சேர்ற மூட்டு மேல ஒட்டியிருக்கும்.

நஜீம்: கண்ணால பாக்காத கெசட்டு… மூட்டு வரைக்கும் தெரியுதே!

றோசலின்: செபமாலை அண்ணன் எங்க லயத்து வரிசையில அடுத்த காம்பரா வீடு. அங்க தும்மினா இங்க நாங்க மூக்கத் தொடைக்கணும்.

நஜீம்: அவருதான் போன கெழம கொண்டாந்து வித்தாரு. பொஞ்சாதி தெரேசா குவைத்துல இருந்து அனுப்பினதாம்.

றோசலின்: கரண்டே இல்லாத லயத்துக்கு டிவி கேமு! லாம்புத் திரியிலயா சொருகுறது?

நஜீம்: சிரிங்க, சிரிங்க. லேபல் ஏன் அப்படி ஒட்டியிருக்கு?

றோசலின்: அவ தோட்டத்து ஸ்டோர்ல பத்து வருசம் தேயிலைப் பெட்டிக்கு லேபல் ஒட்டினவ. மூடி சேர்ற எடத்துலதான் ஒட்டணும். எவனாச்சும் தொறந்தா கிழிஞ்சு காட்டிக் குடுத்துரும். கை பழகிப் போச்சு…

நஜீம்: ஆக, அவ தொறந்துதான் திருப்பி ஒட்டியிருக்கா.

றோசலின்: …நான் அப்படிச் சொன்னேனா?

நஜீம்: இப்பதானே சொன்னீங்க. உள்ள என்ன?

றோசலின்: என்ன இருக்கும்… கேமுதான்…

நஜீம்: சரி, டிக்கோயா பஸ் வர்ற நேரம். போயிட்டு வாங்க.

றோசலின்: நானா… மாதா மேல சத்தியம் பண்ணுங்க, வெளிய சொல்ல மாட்டேன்னு.

நஜீம்: மாதா மேல நான் எப்படிப் பண்ணுவேன்?

றோசலின்: சரி, அல்லா மேல பண்ணுங்க. உள்ள ஒரு சங்கிலி இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம தெரேசா மகளுக்குக் கோயில்ல முதல் நன்மை குடுக்குறாங்க. அன்னைக்குக் கழுத்துல போட. நேத்துதான் தெரேசா காயிதம் வந்துச்சு, லேபல் அடையாளமும் அதுலதான். "அந்த மனுசன் கையில பட்டா தவறணையில சாராயமாப் போயிரும், நீதான் எடுத்து வைக்கணும்"னு எழுதியிருக்கா. அதுக்குள்ள பெட்டியோட வித்துட்டாரு மகராசன்!

நஜீம்: இந்தாங்க, ஆறாவது.

றோசலின்: ஐயோ, லேபல் கிழிஞ்சிருக்கே! உள்ள… சங்கிலியக் காணோமே! யாரு நானா தொறந்தது?

நஜீம்: செபமாலைதான். அவரும் அதே ஸ்டோர்தானே. மூட்டு மேல லேபலப் பாத்ததுமே, இது எங்க வீட்டுக்காரி கைன்னு கண்டுக்கிட்டாராம்.

றோசலின்: போச்சு! குடிச்சே முடிச்சிருப்பாரு. அந்தப் புள்ள வெறுங்கழுத்தோட கோயிலுக்குப் போகணுமா? நான் என்னன்னு பதில் எழுதுவேன்…

நஜீம்: அழாதீங்க. இந்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாருங்க.

றோசலின்: …சங்கிலி! இது எப்படி ஒங்ககிட்ட?

நஜீம்: விக்க வந்த அன்னைக்கே குடுத்துட்டாரு. "தெரேசா யாருக்காச்சும் எழுதியிருப்பா. சங்கிலின்னு வாய் தொறந்து கேக்குறவங்ககிட்ட குடுங்க நானா. நானே வந்து கேட்டாலும் எனக்குக் குடுக்காதீங்க"ன்னாரு. முந்தாநாள் வந்து கால்ல விழுந்து கேட்டாரு… நான் குடுக்கல.